தஹான்

முதல் படத்திலேயே இருந்திருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டாவது வெட்டு,
கணையத்தின் வால் நுனி,
சுற்றியுள்ள சாம்பலைவிட ஒரு சாயல் மங்கல்,
கஞ்சித் தெளிவில் கரையாத ஒரு பருக்கை.
அல்லது இல்லை.
தெரிந்துகொண்ட பிறகு பார்க்கும் கண்ணுக்கு
எங்கே தொட்டாலும் ஏதோ தெரியும்.
மூடினேன். திறந்தேன்.
இரவுப் பணி. வெளியே
கொடிமலையிலிருந்து இறங்கிய மழை
ரெசிடென்சி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைய தாளில் கேட்டிருந்தது ஒன்றுதான்:
வயிற்றுப் பெருந்தமனி.
வீக்கத்தின் விட்டம், கழுத்தின் நீளம்,
கிளைகள் பிரியும் கோணம்.
கேட்டதை அளந்தோம்.
ஐந்து புள்ளி எட்டு சென்டிமீட்டர்.
நான் படம் எடுத்தேன்,
இன்னொருவர் அறிக்கை எழுதினார்,
யாரும் பொய் சொல்லவில்லை.

பொன்னுரங்கம், அறுபத்தொன்பது.
பட்டர்வொர்த் பெர்ரியில் எஞ்சின் பார்த்தவர்.
ஆறு மணி நேரப் பட்டினியில் வந்து
படுக்கையில் ஏறும்போது என்னைக் கேட்டார்:
"பசியாறிட்டியாம்மா?"

எங்கள் இயந்திரம் மலாய் மட்டும் பேசும்.
தாரிக் நபாஸ். தஹான்.
மூச்சை இழு. பிடி.
பொறுத்துக்கொள் என்பதற்கும் அதே சொல்தான்.
அவருக்கு மலாய் என்னைவிடச் சரளம்;
ஆனால் முப்பது வருட எஞ்சின் அறை
காதைத் தின்றுவிட்டிருந்தது.
அதனால் அவருக்கு மட்டும் மைக்கில் நானே கத்துவேன்:
"பிடிங்க அங்கிள்... ம்ம்... இப்ப விடுங்க!"

தொடை வழியே உள்ளே போய்
துணி போர்த்திய கம்பிக் குழாயை விரித்தார்கள்.
மூன்றாம் நாள் வீடு.
நான்காம் வாரம் இடது கால் ஐஸ்,
கட்டைவிரல் கத்தரிக்காய் நிறம்.
குழாயின் ஒரு கிளை முழுக்க இரத்தக் கட்டி.
வழித்து எடுத்தார்கள்.
பதினோராம் நாள்
மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே
மறுபடியும் அடைத்தது.

குழாய் மடிந்துவிட்டதா? இல்லை.
நழுவியதா? இல்லை.
ஊசியை விட்டுவிட்டீர்களா என்று மகளைக் கேட்டார்கள்.
தேவயானை ஒன்றும் பேசவில்லை.
பையிலிருந்து மைலோ டின்னை எடுத்தாள்,
காலி ஊசிகளை மேசையில் கொட்டி
ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாள்.
இருபத்திரண்டு. நாளைக்கு இரண்டு.
டின்னில் ஒட்டியிருந்த ஒன்றை
விரல் விட்டு எடுத்து அதையும் வைத்தாள்.
அதைச் சேர்க்காமலே
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

எல்லாரும் குழாயையே விசாரித்துக்கொண்டிருந்தோம்.
மருத்துவப் பிரிவின் டாக்டர் ஊய்தான்,
தூக்கமில்லாத கண், கையில் ஆறிய கோப்பி,
இரத்தம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டாள்.
ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.
எனக்கு நம் வீட்டு அடுப்படிக் கேள்வியாகக் கேட்டது:
பால் தானாகத் திரியாது.
யார் உறை ஊற்றியது?

இந்த முறை தாளில் எல்லாம் எழுதியிருந்தது.
கழுத்திலிருந்து தொடை வரை.

"குழாய்ல குத்தம் இல்லையாம்மா," என்றார்.
"வெளிநாட்டுச் சாமான். ஒரு சொட்டு ஒழுகலையாம்."
தானே பொருத்தியதுபோல ஒரு பெருமை.
"கால்தான் சொன்ன பேச்சைக் கேக்கல."

"மூச்சை இழுங்க அங்கிள். பிடிங்க."

படுக்கை நகர்ந்தது.
ஈரலில் எழுந்தன பொட்டுகள்,
சிமென்ட் தரையில் மழையின் முதல் துளிகள்போல,
ஐந்து, ஏழு, பிறகு எண்ணவில்லை.
அப்புறம் கணையம். அதன் வால்.
இப்போது யாரும் கேட்கவேண்டியதில்லை,
அதுவே வந்து நின்றது.
நடுவில் குழாய் மட்டும்
பளிச்சென்று, நேராக,
அதன் வேலையைச் செய்துகொண்டு.

படுக்கை நின்று எவ்வளவு நேரம் ஆனதோ.
நிமிர்ந்தபோது
கண்ணாடிக்கு அப்பால் அவர் மார்பு அசையவில்லை.
கன்னங்கள் உப்பி, முகம் சிவந்து,
ஒற்றை விரலை மெல்ல உயர்த்தி
வகுப்பில் அனுமதி கேட்கிற பிள்ளைபோல
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.